வெள்ளிக்கிழமை வலை

அன்புத் தங்கைக்கு,

சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்ற கட்டளையை ஏமாற்ற, வெள்ளியன்றே வலை விரித்து ஞாயிறன்று அள்ளியவர்கள் குரங்கானார்கள். குர்ஆனில் வரும் இந்த இடத்தில் உடம்பே மாறியது என்றேன் நான். மனம்தான் மாறியது என்று மகளிர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மறுத்தாய் நீ. இனி உன்னோடு பேச மாட்டேன் என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தேன்.

இப்போது உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று நேற்று என் கான்வென்ட் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமி, இதுவும் வெள்ளிக்கிழமை வலைதானே?"

"வாயை மூடுடி" என்றேன். ஆனாலும் எழுந்து போய்க் கண்ணாடி பார்த்தேன்.

"பின்னாடியும் பாத்துடுங்க, வால் முளைச்சிருக்கப் போகுது!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது. எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். இன்று மதியம் மனம் நிறையப் போட்டுவிட்டேன். முகம் மாறவில்லை என்பதால் நீ சொன்னது சரியென்று நினைத்துக்கொள்ளாதே. நாளைக் காலை வருகிறேன். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, உன் வாதத்தை முதலிலிருந்து ஆரம்பி.

கொஞ்சமும் மாறாத
உன் அக்கா