தங்கத்தைத் தூக்கியவளுக்கு

என் எறும்புக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அங்கே நீயும் உன் தோள்பட்டையும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இனிமேல் ஜெயித்தால் முதல் போன் எனக்குத்தான் வரவேண்டும். நம் கட்டடத்துக் கீழ்த்தளத்தில், அதே சலவைக்கூடத்தில் போர்வை பிழிந்துகொண்டிருந்தேன், பக்கத்து வீட்டுத் தையல்காரி மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, உங்க பொண்ணு தங்கத்தைத் தூக்கிட்டாளாம், டிவியில காட்டுறாங்க" என்றாள். யார் வீட்டுத் தங்கம், போலீஸ் பிடித்துவிட்டதா என்று நான் கேட்க, அவள் திருதிருவென்று விழிக்க, "என் பொண்ணு அடுத்தவங்க குண்டூசியைக்கூடத் தொடமாட்டா" என்று நான் ஒப்பாரி வைக்க, கடைசியில் சூப்பர்வைசர் வந்து பளு தூக்கும் போட்டி, தங்கப் பதக்கம் என்று விளக்கிய பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் மறுபடி அழுதேன், அது வேறு அழுகை.

மறுநாள் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா என்றார்கள். நீ ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போனது, லிப்ட் இல்லாத இந்த நாலு மாடியில் பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ ஈரப் போர்வை மூட்டையை மொட்டை மாடிக்குச் சுமந்தது, எல்லாம் சொன்னேன். கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்றார்கள். எனக்கு வரவில்லை, "நீங்க ஒரு தடவை மூட்டையோட ஏறிப் பாருங்க தம்பி, உங்களுக்கே வரும்" என்றேன்.

அதைப் பார்த்துவிட்டு யார் வந்தது தெரியுமா, உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பா. நரைக்கு மை பூசிக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நின்று, "என் ரத்தம்டி, அதான் இந்த பலம்" என்றார். உன் போன் நம்பர் வேண்டுமாம். கையில் துடைப்பம் இல்லாதது அவர் நல்ல நேரம். மூட்டையைக் காட்டி, "உங்க ரத்தம்தானே, இதை மாடியில கொண்டுபோய் வைங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். முதல் மாடியில் சட்டை நனைந்தது. இரண்டாம் மாடியில் மை வழிந்தது, மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டடமே கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதையா சுமந்தா, அந்த வயசுல?" என்றார். தினமும் என்றேன். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும், ஏனோ குளிரவில்லை.

நம்பரை நான் கொடுக்கவில்லை. அவர் விட்டுப்போனது உன்னையும்தான், அதனால் நீயே சொல். கொடு என்றாலும் விரட்டு என்றாலும் உன்னைக் கோபிக்கமாட்டேன், விரட்டு என்றால் கொஞ்சம் சந்தோஷப்படுவேன், அவ்வளவுதான். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ஜெயித்த மிதப்பில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. யார் கண்ணும் படாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

பதிலை மட்டும் சீக்கிரம் எழுது. அந்த மனுஷன் அதோடு விடவில்லை. தன் லீவு நாளில் தவறாமல் வருகிறார், வாயே திறக்காமல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார். நேற்று மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டார்.

உன் அம்மா