கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்திரி

இன்று மத்தியானம் புளி மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கதவின் பின்பக்கம், நம் மகளின் கண்ணில் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நீ இருந்தவரை உன்னிடம் மறைத்ததை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு ஐந்து வயதில் திருப்பத்தூர் கண் டாக்டர் சொன்னது உனக்கு மனப்பாடம். இடது கண் சோம்பேறிக் கண். மூளை அதை ஒதுக்கிவிட்டு வலது கண்ணையே நம்பிப் பழகிவிட்டது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் இது பார்க்கப் பழகும். அதையும் சின்ன வயதிலேயே செய்தாக வேண்டும். ஊருக்குத் திரும்பும் பஸ் மலை ஏறும்போதே நான் உன்னோடு சண்டைக்கு வந்தேன்.

"நல்லா கீற கண்ண மூடிட்டா புள்ள எத வெச்சி பாக்கும்? இன்னாடி வைத்தியம் இது?"

"வேல வாங்கினாத்தாங்க அந்தக் கண்ணு முழிக்கும்" என்று சிரித்தாய்.

மறுநாளே அவள் வலது கண்ணில் பிளாஸ்திரியை ஒட்டி, முறத்தில் சாமையைக் கொட்டி, கல் பொறுக்க உட்கார வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போனாய். நீ தெருமுனை தாண்டவில்லை, "அப்பா, ஒண்ணும் தெரியல" என்று அழ ஆரம்பித்தாள். எழுந்து வரும்போது படியில் விழுந்தாள். எனக்குத் தாங்கவில்லை. பிளாஸ்திரியை உரித்துக் கதவின் பின்னால் ஒட்டிவைத்துவிட்டுக் கல்லை நானே பொறுக்கினேன். நீ வரும் நேரம் பார்த்து மறுபடி கண்ணில் ஒட்டினேன். தினமும் இதே கதைதான். "இன்னாங்க, இதுல பசையே நிக்க மாட்டேங்குது" என்று நீ கடைக்காரனைத் திட்டுவாய். நானும் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த முறை டாக்டரின் முகம் மாறியது. "ஒழுங்கா ஒட்டினீங்களா, இல்லையாம்மா?" நீ அவள் தலையில் கை வைத்து, "ஒரு நாள் கூட வுடலைங்க" என்றாய். அவர் நம்பவில்லை. வழியெல்லாம் நீ அழுதாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இப்போது அவளுக்கு எட்டு நடக்கிறது. ஒட்டுகிறேன், காவல் இருக்கிறேன், கெஞ்சுகிறேன். "இப்பவும் வுடாதீங்க. ஆனா எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர். அவள் கண்ணை நான்தான் கெடுத்தேன்.

இன்று கதவைக் காட்டி, "இன்னா வேல இது?" என்று கத்தினேன். அவள் பயப்படவே இல்லை.

"நீதானேப்பா இங்க ஒட்டி வெப்ப? நீ வர்றதுக்குள்ள ஒட்டிக்கலாம்னு இருந்தேன். சீக்கிரம் வந்துட்ட."

முறத்தில் சாமையைக் கொட்டினேன். பிளாஸ்திரியில் பசை நிற்காததால் அதை என் விரலால் அவள் வலது கண்மேல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெகுநேரம் தேடி ஒன்றை எடுத்து, "கல்லுப்பா" என்று என் உள்ளங்கையில் வைத்தாள்.

அது சாமை. என் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.