பல்லின் அடியில் வெடிப்பு

ஜேர்மனி,
12.11.1990

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா, அம்மாவின் முழங்கால் எப்படி என்று முதலில் எழுதுங்கள். நான் சுகம். எழுத்து கோணலாக இருப்பதற்குச் சுட்டுவிரலில் சுற்றியிருக்கும் துணிதான் காரணம். சின்ன வெட்டு.

இங்கே கார் கியர்ப்பெட்டிக்குப் பல்லுள்ள கிண்ணங்கள் செய்கிறோம். மெல்லிய தகட்டுக் கிண்ணத்தைப் பல்லுள்ள அச்சில் மாட்டி, வெளியே உருளைகளால் அழுத்தினால், வெட்டாமலே பல் உருவாகும். இரண்டு தரம் அழுத்த வேண்டியதை, நேரம் மிச்சமென்று ஒரே தரத்தில் முடிக்கிறார்கள். பல்லின் அடியில் தகடு மெலிந்து வெடிக்கிறது. சொன்னேன். அடுக்குவதுதான் உன் வேலை என்றான் எங்களை மேய்க்கும் போர்மன். வெடிப்பைக் காட்ட விரலை உள்ளே ஓட்டினேன். வெட்டிவிட்டது.

இப்போது, என் கவனக்குறைவால் வெட்டியதென்று எழுதிய தாளில் ஒப்பம் கேட்கிறான். மறுத்தால் தை மாதத்தோடு வேலை இல்லை.

கூட வேலை செய்யும் புத்தூர்ப் பரமலிங்கம் அண்ணை, "ஒப்பத்தை வைச்சிட்டுப் பேசாமல் இரு தம்பி" என்றார்.

"வெடிச்ச கிண்ணமெல்லே காரிலை போகுது அண்ணை."

"உன்ரை காரே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் இந்தத் தொழில் தெரியுமென்று இங்கே காட்ட வேண்டும்; என் தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழைக் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்து, அங்கிருந்து தபாலில் போடச் சொல்லுங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள். ஊர்ச் சண்டையானாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க ஒன்றுமில்லை.

வேலைக்கு மணி அடிக்கிறது. போர்மன் தந்த தாளில், "வெடிப்பைக் காட்டும்போது வெட்டியது" என்று தமிழில் எழுதி, அதன் கீழே ஒப்பம் வைத்திருக்கிறேன். அதை வாசித்து ஜேர்மன் மொழியில் சொல்லப் பரமலிங்கம் அண்ணையைத்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் மகன்,
நமசிவாயம்