கலக்காத பெட்ரோல்

ஈப்போ,
ஜனவரி 1979

அன்பு மகள் பியாட்ரிஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தம்பி மத்தியாசும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், இங்கிலாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொள்ள வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். யோசித்து எழுதலாம் என்று வைத்திருந்தேன், யோசனைதான் ஓடவில்லை. அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, ஜெலாப்பாங்கில் வேலைக்கும் போய்வருகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. இதை இசபெல்லா அத்தை உனக்கு எழுதியிருப்பாள், நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மற்றபடி செய்தி என்றால் மத்தியாசின் ட்ரயல்ஸ் வண்டிதான், காலைத் தரையில் ஊன்றாமல் பாறை மேல் ஏற்ற வேண்டும் என்பானே, அந்த மோட்டார் சைக்கிள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வழுக்குவதற்கு ஒன்றும் கிடையாது. இவன் அவசரக்காரன், அளவு பார்க்க மாட்டான் என்று அம்மாவே அந்த வேலையை எடுத்துக்கொண்டு, கலந்து குசினிக்குப் பின்னால் நீல டின்னில் வைத்திருப்பாள். டின் காலியாகக் கிடந்ததைப் பார்த்து நான் பெட்ரோல் வாங்கி நிரப்பினேன், அவன் கலந்துகொள்வான் என்று. அவனோ அந்த டின்னில் இருந்தால் கலந்ததுதான் என்று ஊற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய்க்குப் போய்விட்டான். பாறையில் ஏறும்போது எஞ்சின் கீச்சென்று கத்திப் பின்சக்கரம் இறுகி ஆளைத் தூக்கிப் போட்டிருக்கிறது. முழங்கை சிராய்த்ததோடு சரி, பயப்படாதே. சிநேகிதன் ஐயாவுவின் லோரியில் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினான். கலக்காம ஊத்துனியாடா என்று கேட்டேன். அம்மா டின்னுலதானப்பா எடுத்தேன் என்றான்.

எஞ்சினை இருவருமாகக் கழற்றினோம். பிஸ்டன் உருகி சிலிண்டர் சுவரில் ஈஷிக்கொண்டிருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கட்டையால் தட்டித் தட்டித்தான் சிலிண்டரை உருவ முடிந்தது. டவுனில் சீனர் பட்டறையில் கொடுத்து ஒரு சைஸ் கூட்டிக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வந்தான். பிஸ்டனைப் பிடிக்கும் சின்னக் கம்பி வளையம் கைதவறி எஞ்சினுக்குள் விழுந்துவிடக்கூடாது என்று அதன் வாயில் துணி அடைப்பது வழக்கம், பழந்துணிப் பெட்டியில் கைவிட்டு எடுத்துக் கிழித்து அடைத்த பிறகுதான் பார்த்தேன், அம்மாவின் பழைய வீட்டுச் சேலை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை பியாட்ரிஸ், கையில் அது துணியாகத்தான் இருந்தது. ரிங்கின் பிளந்த வாய் பிஸ்டனில் இருக்கும் ஊசிக்கு நேராக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். அதை மத்தியாஸ் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள நான் சிலிண்டரை மேலே இறக்கினேன். ஒழுங்காக உட்கார்ந்தது.

எல்லாம் பூட்டி முடித்த அன்றைக்குக் கோலா கங்சாரிலிருந்து அத்தை வந்தாள். சாப்பாட்டு மேசை மேல் கிரீஸும் ஸ்பேனரும் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பொம்பள இல்லாத வீடு பட்டறையாப் போச்சேண்ணே, பியாட்ரிஸ வரச்சொல்லிடு, பொண்ணு ஒருத்தி இருந்தா எல்லாம் தானா நடக்கும்லா என்றாள். மத்தியாசும் கையைத் துடைத்துக்கொண்டே, ஆமாப்பா, அக்கா வந்தா நல்லாத்தான் இருக்கும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. அம்மா போனபிறகு எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான். இந்த வீட்டுல எதுடா தானா நடந்துச்சு, தானா கலந்துக்கும்னு இருந்துதானே எஞ்சின் போச்சு என்று சத்தம் போட்டேன். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள், நீ ஒரு வரி எழுதிச் சமாதானம் செய். மத்தியாஸ் போய் எண்ணெயை அளந்து கலந்து என்னிடம் காட்டிவிட்டு ஊற்றினான். சில உதைகளிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது, வீடெல்லாம் புகை. புது பிஸ்டன், கொஞ்ச காலம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து சட்டி பானை கழுவுவது அவன், சமையல் நான். ரசம் வாயில் வைக்க முடியவில்லை.

ஆகவே மகளே, நீ கேட்டதற்குப் பதில், வராதே. பரீட்சை எழுதி நர்சாகிவிட்டு லீவில் வா, உன் இஷ்டத்துக்கு இருந்துவிட்டுப் போ. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே இறங்காதே, நைட் டூட்டி முடிந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. பரீட்சைத் தேதியை மறக்காமல் எழுது, கோயிலில் பூசைக்குக் கொடுக்க வேண்டும். மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அப்பாவுக்கு உன்மேல் பாசம் விட்டுப்போயிற்று என்று நினைத்துவிடாதே. நீ வந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நீ வந்து இறங்கிய மறுநாளே நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

உன் அப்பா,
யேசுதாசன்