அடித்தாலும் இறுகாத தடுப்புகள்

அனுப்புநர்:
மேஸ்திரி, இரண்டாம் குழு,
சாலைச் செப்பனிடும் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
சாலைத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: காற்றடைத்த தடுப்புகளில் துணியை மாற்றி ஏமாற்றியது; திங்கட்கிழமைக்குள் அவற்றை அகற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாகக் கான்கிரீட் கட்டைகளுக்குப் பின்னால் நின்றுதான் தார் போட்டோம். ஆறு மாதங்களுக்கு முன் நம் துறைப் பொறியாளர் காற்றடைத்த தடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். விரலால் அழுத்தினால் துணி மெத்தென்று உள்வாங்கியது. சம்மட்டியால் ஓங்கி அடித்ததும் பலகைபோல் விறைத்துச் சம்மட்டியைத் திருப்பித் தள்ளியது. அசந்து போனோம்.

2. "பலூனுக்குப் பின்னாடி நின்னு வேலை பாக்கணுமா, மாமா?" என்று கேட்டவன் என் மச்சான், மனைவியின் தம்பி. "நான் பொறுப்பு, வாடா" என்றேன். அவன் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள்.

3. பிறகு இருபத்துநான்கு தடுப்புகள் வந்து இறங்கின. அடித்துப் பார்த்தால் தையல் விட்டுவிடும், கட்டைவிரலால் அழுத்தினால் போதும், மிருதுவாக இருந்தால் அசல் துணி என்றார் பொறியாளர். எல்லாவற்றையும் அழுத்தினேன். எல்லாமே மிருது. கையெழுத்துப் போட்டேன். சாதாரணத் துணியும் மிருதுவாகத்தானே இருக்கும், ஐயா! இது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

4. சென்ற செவ்வாய் காலை ஒரு சரக்கு வண்டி மோதியது. பெரிய வேகம்கூட இல்லை. தடுப்பு விறைக்காமல் கிழிந்தது. மச்சானுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மீதி இருபத்துமூன்றையும் அன்றே சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இறுகவில்லை.

5. பொறியாளரிடம் போய் நின்றால், "நீங்கதானே பாத்து வாங்கினீங்க" என்று என் கையெழுத்தை எடுத்துக் காட்டுகிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது வேறென்ன, ஐயா? என் மனைவி சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் மச்சான் மட்டும், "விடுங்க மாமா, உங்களுக்கு என்ன தெரியும்" என்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

6. கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. என் மேல் தாராளமாக நடவடிக்கை எடுங்கள். ஆனால் அந்தத் தடுப்புகள் இன்னும் சாலையில்தான் நிற்கின்றன. திங்கள் காலை ஆறு மணிக்கு மூன்றாம் குழு அவற்றின் பின்னால் இறங்க வேண்டும். மறுத்தால் வேறு ஆள் போடுவதாகப் பொறியாளர் சொல்லிவிட்டார். அந்தக் குழுவில் மொத்தம் பதினொரு பேர். நேற்று அவர்களிடம் போய், இறங்காதீர்கள் என்று கெஞ்சினேன். "அன்னிக்கு நல்லதுன்னீங்க, இன்னிக்கு ஆகாதுங்கறீங்க. எதை நம்பறது, மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆகவே, ஞாயிறு இருட்டுவதற்குள் அவற்றை அகற்றிக் கான்கிரீட் கட்டைகளை வைக்க எழுத்தில் உத்தரவிடுமாறு தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். என் சொல்லுக்கு இனி இங்கே மதிப்பில்லை. தங்கள் சொல்லுக்கு இன்னும் இருக்கிறது.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: இரண்டாம் குழுக் கொட்டகை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேஸ்திரி, இரண்டாம் குழு