திரையில் நம் கடை

அன்புள்ள அப்பா,

எங்கள் பள்ளியில் ‘இளம் தொழிலதிபர்’ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். கோட்டுப் போட்ட ஒரு பயிற்சியாளர் வருகிறார். ‘லாபம்’ என்று சொல்லும்போதெல்லாம் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டவர் போலிருப்பார்.

இன்று திரையில் ஒரு படம் காட்டி, “முதலாளியோட சோம்பேறித்தனத்தால மூடின கடை இது” என்றார். நம் செருப்புக் கடை, அப்பா. சாலையைத் தோண்டி ஒரு வருடம் அப்படியே விட்டுவைத்த பள்ளமும் வாசலில் தெரிந்தது. அது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்தேன்.

“சார், நீங்க என்ன கடை வெச்சிருந்தீங்க?”

“நான் வெச்சதில்லம்மா. எப்படி வெக்கணும்னு சொல்லித் தர்றேன்.”

“அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய்ச் செருப்பு வாங்குவீங்களா?”

“ஐயோ, ஷூ அழுக்காயிடுமே!”

எல்லோரும் சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

வெளியூர் வேலையில் உங்களுக்கு லீவு கிடைப்பதில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நீங்களோ எப்போதாவது, தெரு அடங்கிய பிறகே வருகிறீர்கள். ஒரு பெட்டிக்கடைகூட வைத்திராத அந்தப் பயிற்சியாளர் எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார் தெரியுமா? இந்த முறை பகலில் வாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நானும் கூட நடந்து வருகிறேன்.

உங்கள் மகள்