மகள் எழுதியனுப்பிய ஆசனங்கள்

காஜா பெராங், மலாக்கா
28-9-1957

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெயபாலனும் உன் வயிற்றுப் பிள்ளையும் சென்னையில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அப்பா சுகம், உன் தங்கை விஜயா சுகம், நான் சுகம். வழக்கமாக இதோடு நிறுத்திவிட்டு வேறு சங்கதிக்குப் போய்விடுவேன். இந்த முறை இன்னொருவரும் சுகம் என்று எழுத வேண்டியிருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான். நீ தப்பாகப் படிக்கவில்லை கோகிலா. எனக்குத்தான், இந்த வயதில்.

வீட்டுக்கு விலக்காகாமல் போனபோது அது நின்றுபோகிற வயது வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பங்குனியில் உன் கடிதம் வந்தது, நீ முழுகாமல் இருக்கிறாய், எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது என்று. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மகளும் தாயும் ஒன்றாகப் பிள்ளை சுமப்பது ஊரில் நடக்காததில்லை, ஆனாலும் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது, உன் மாமியார் என்ன பேசுவார் என்று எனக்கு ஒரே கூச்சம். அதனால்தான் நீ தலைப்பிரசவத்துக்குக் கப்பலேறி வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் கூரை ஒழுகுகிறது, விஜயாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எதையாவது எழுதினேன். வராதே என்றால் நீ வருத்தப்படுவாய், வா என்றால் நிறைவயிற்றோடு உன் முன்னால் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாமல் எழுதினேன். சரியம்மா, வரவில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டாயே, அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். உன்னை வேண்டாமென்று சொல்லவில்லையடி. இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கேள். மயிலாப்பூரில் சந்திரமதி அம்மாளிடம் ஆசனம் கற்றுக்கொள்கிறேன் என்று நீ பக்கம் பக்கமாக எழுதினாயே, எப்படி உட்கார வேண்டும், எப்படி மூச்சை நீளமாக விட வேண்டும் என்று, முதலில் அதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி காலை அகட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்வதாவது. இருந்தாலும் விடவும் மனமில்லை. இடுப்பு வலி பொறுக்க முடியாத ஒரு நாள் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, நீ எழுதியபடி உள்ளங்கால் இரண்டையும் சேர்த்து உட்கார்ந்து பார்த்தேன். வலி கொஞ்சம் விட்டது மாதிரி இருந்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்குவதை மட்டும் செய்யவில்லை. நம் அடுத்த வீட்டு மரியம் இத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்தவள், கையைத் தூக்கினால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றும் என்கிறாள். உன் டீச்சரோ தூக்கு என்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸியைக் கேட்டால் இரண்டுக்கும் சிரிக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது, சொல்.

ஆவணியில் பெரிய பயம் வந்தது. மிஸி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தலை இன்னும் மேலேயே இருக்கும்மா. இப்படியே இருந்துச்சின்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், வயித்தக் கிழிச்சித்தான் எடுக்கணும்” என்றாள். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடைக்குப் போனவர் மத்தியானமே திரும்பி வந்துவிடுவார். அப்படி வந்த ஒரு நாள், நீ எழுதியிருந்தபடி நான் பூனை மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி முதுகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். “ஐயோ சாரதா, விழுந்துட்டியா?” என்று செருப்போடு உள்ளே ஓடி வந்தார். உங்கள் மகள் சொன்னது என்றேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “அவ அங்க, நீ இங்க, நான் என்னத்தச் சொல்றது” என்றார்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று அப்பாவும் விஜயாவும் கொடியேற்றம் பார்க்கத் திடலுக்குப் போய்விட்டார்கள். தெருவெல்லாம் ரேடியோ சத்தம், மெர்டேக்கா மெர்டேக்கா என்று. நான் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துப் படுத்திருந்தேன். மரியம் பின்வாசல் வழியாக வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “என்ன புள்ள, நீ எப்பருந்து தொழ ஆரம்பிச்ச?” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ எழுதியதில் பாதிக்குத் தலையாட்டினாள், மீதிக்குத் திட்டினாள். பிறகு எண்ணெயை எடுத்து வயிற்றில் தேய்த்து மெல்லத் தள்ளிவிட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மிஸி அடுத்த தடவை பார்க்கும்போது தலை கீழே வந்திருந்தது. மரியம் தன் கை என்கிறாள். அப்பா சன்னாசிமலைக் கோயிலில் தான் வேண்டிக்கொண்டது என்கிறார். மிஸி சில பிள்ளை தானாகவே திரும்பும் என்கிறாள். உன் ஆசனமா என்று எனக்குள் நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்காவிட்டால் போகட்டும், இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டிலேயே நல்லபடியாகப் பெற்றேன். வலி வந்தபோது மரியம் முக்கு முக்கு என்றாள், நீ எழுதியது ஞாபகம் வந்து மூச்சை நீளமாக விட்டேன். அவளும் முக்கச் சொல்வதை விட்டுவிட்டாள்.

இப்போது வேறு குழப்பம். மரியம் என் வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, பத்தியம் முடியும்வரை எழுந்து நடக்காதே என்கிறாள். பெற்ற பிறகும் ஒன்று செய்ய வேண்டும், மூத்திரத்தை அடக்குவது மாதிரி உள்ளே இறுக்கி விட வேண்டும் என்று உன் டீச்சர் சொன்னதாக எழுதியிருந்தாய். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பெற்ற மகளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தும்மினால், சிரித்தால் எனக்கு நிற்கமாட்டேன் என்கிறது. விஜயாவைப் பெற்றபோது இப்படி இல்லை. படுத்துக்கொண்டே இறுக்கிப் பார்க்கிறேன், மேலே துணிக்கட்டு இருப்பதால் மரியத்துக்குத் தெரியாது. கட்டும் இருந்து, இறுக்குவதும் செய்தால் ஏதாவது ஆகுமா, எத்தனை நாளில் சரியாகும் என்று டீச்சரிடம் கேட்டு எழுது. உனக்கென்று கேட்பது மாதிரி கேள். சில சாயங்காலம் காரணமில்லாமல் அழுகையும் வருகிறது, அதற்கும் ஏதாவது மூச்சு இருக்கிறதா என்று கேள்.

நேற்று அப்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “கோகிலாவுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத புள்ள மாதிரி அவ ஏன் தனியாக் கெடக்கணும்? நீ போய்ட்டு வா, விஜயாவ நான் பாத்துக்கிறேன்” என்றார். மரியம் கேட்டுவிட்டு, “பச்ச ஒடம்புக்காரியக் கப்பல்ல ஏத்துறீங்களா அண்ணே, புத்தி இருக்கா?” என்று சத்தம் போட்டாள். இன்று காலையில் பத்திய மருந்து கிண்டி இரண்டு சாடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. அவள் போகச் சொல்கிறாளா வேண்டாமென்கிறாளா, அதுவும் புரியவில்லை. மிஸி சரியென்றால் ஐப்பசிக் கப்பலில் வரலாம் என்று இருக்கிறேன். கைப்பிள்ளையோடு உன் அம்மா வந்து இறங்கினால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் முன்னால் உனக்கு வெட்கமாக இருக்குமா? அப்படியானால் மறைக்காமல் எழுது, வரமாட்டேன். நீ எழுதினாலும் வந்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, விஷயத்தை மட்டும் மெல்லச் சொல். நான் வரும்வரை கையைத் தலைக்கு மேல் தூக்கும் ஆசனம் எதுவும் வேண்டாம், மற்றதைச் செய். உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், உனக்குச் சுகப்பிரசவமும் தெய்வம் கொடுக்கட்டும். பிள்ளை பிறந்ததும் பால் உடனே சுரக்காவிட்டால் பயந்து அழாதே, என்னிடம் இருக்கிறது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா சாரதாம்பாள்